ஆப்பிரிக்கக் கெளுத்தி, டேங்க் கிளீனர்: கேள்வி பதில்

அண்ணா, வலையில் விழுவது ஆப்பிரிக்கக் கெளுத்தியா, நம் நாட்டுக் கெளுத்தியான மாகூரா? எப்படிப் பிரித்தறிவது? (மேட்டூர்)

நிறத்தை நம்பாதீர்கள், தண்ணீருக்குத் தக்கபடி மாறும். மீசையும் உதவாது; இரண்டுக்குமே நான்கு ஜோடி. தலையை மேலிருந்து பாருங்கள். மண்டை எலும்பின் பின் விளிம்பு நாட்டு மாகூரில் ‘வி’ எழுத்துபோல ஒரே முனையாக முடியும். ஆப்பிரிக்கக் கெளுத்தியில் ‘டபிள்யூ’போல வளைந்து அகலமாக இருக்கும். அளவும் காட்டிக்கொடுக்கும்: மாகூர் ஒன்றரை அடியைத் தாண்டுவது அபூர்வம். மூன்றடி மீன் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டும் கலந்த குஞ்சுகளும் சந்தையில் உண்டு, அவற்றின் தலை இரண்டுக்கும் நடுவாக இருக்கும். அதனால் சிறு குஞ்சைப் பார்த்து யாரும் உறுதி சொன்னால் ஏற்காதீர்கள்.

குஞ்சு வியாபாரி “இது தாய்லாந்து மாகூர், தடை கிடையாது” என்கிறாரே?

அதே மீன்தான், பெயர் மட்டும் வேறு. 1990களில் வங்கதேசம் வழியாகத் திருட்டுத்தனமாக நம் நாட்டுக்குள் வந்தது. மத்திய அரசு 2000இல் தடை விதித்தது. இருப்பில் உள்ள மீன்களையும் அழிக்க வேண்டும் என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. உரிமம் பெற்று வளர்க்கக்கூடிய பங்காசியஸ் வேறு மீன், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் 10 சென்ட் குட்டையில் புகுந்துவிட்டது. தண்ணீரை இறைத்தும் போகவில்லை, ஐயா. (தஞ்சாவூர்)

போகாது. செவுளுக்கு மேலே கிளைகிளையாக ஓர் உறுப்பு இருக்கிறது, அதனால் காற்றையே சுவாசிக்கும். தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். இறைத்த கையோடு மறுபடி நீர் நிரப்பினால் அதுவும் எழுந்து வரும்.

முதலில் வடிகாலில் சிறு கண் வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் இறைக்கும் நீரோடு குஞ்சு வாய்க்காலுக்குப் போய்விடும். நீரை ஓரடிக்குக் குறைத்து இழுவலை போடுங்கள். மிஞ்சியதற்கு இலுப்பைப் புண்ணாக்கு. கன மீட்டருக்கு 250 கிராம் கணக்கு. 10 சென்ட்டில் ஒரு மீட்டர் நீர் நின்றால் 405 கன மீட்டர், அதற்கு 100 கிலோ வேண்டும். ஓரடி நீர் என்றால் 31 கிலோ போதும்; முதலில் நீரைக் குறைக்கச் சொல்வது இதற்காகவும்தான். புண்ணாக்கை இரவு ஊறவைத்துக் கரைத்து, மூலை முடுக்கெல்லாம் சீராகத் தெளியுங்கள். அதிலுள்ள சப்போனின் மீனின் சிவப்பணுக்களை உடைத்துக் கொல்லும்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். சேற்றில் ஆழமாகக் கிடக்கும் மீனை மருந்து எட்டாது. ஆகவே நீரை முழுக்க வெளியேற்றித் தரை பாளம் பாளமாக வெடிக்கும்வரை வெயிலில் காயவிடுங்கள். மருந்து கலந்த நீரை வாய்க்காலில் திறக்கக் கூடாது. வீரியம் அடங்க மூன்று வாரமாகும், அதன் பிறகே வெளியேற்றுங்கள். நீர் நிரப்பியபின் நாலைந்து கெண்டைக் குஞ்சுகளைக் கூண்டில் ஒருநாள் விட்டுப் பார்த்து, அவை பிழைத்தால் இருப்பு விடுங்கள். மழை இரவில் இந்த மீன் ஈரத் தரையில் ஊர்ந்தும் போகும், கரையைச் சுற்றி வலைவேலி இருக்கட்டும்.

ஊர் ஏரியிலும் இதையே செய்யலாமா?

கூடவே கூடாது. கெண்டை போன்ற மீன்கள்தான் முதலில் சாகும். கோடையில் நீர் குறையும்போது இழுவலையால் பிடியுங்கள், மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். சின்னது என்று திரும்ப விடாதீர்கள். ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் பூங்காவில் ஒருமுறை புகுந்ததை ஆண்டுக்கணக்கில் பிடித்து அகற்ற வேண்டியிருந்தது.

இலங்கையின் கலா வாவியில், தொட்டிப் பாசியைத் தின்ன வளர்க்கும் டேங்க் கிளீனர் மீன் வலையைக் கிழிக்கிறது. எப்படிக் கழற்றுவது, ஐயா?

உடம்பெல்லாம் எலும்புத் தகடு, தகட்டு முட்கள் வால்பக்கம் சாய்ந்திருக்கும். வால்பக்கமாக இழுத்தால் ஒவ்வொரு முள்ளும் நூலில் மாட்டும். தடித்த கையுறை போட்டு, தலை நுழைந்த திசையிலேயே முன்னால் தள்ளி எடுங்கள். முதுகுத் துடுப்பு விறைத்து நின்றால் வலையின் ஒரு கண்ணை மட்டும் அறுங்கள். போராடினால் பத்துக் கண் போகும்.

அது பாசி தின்னும் மீன்தானே, ஆற்றில் இருந்தால் என்ன கெடுதல்?

பாசியை நம்பி நம் ஊர் மீன்களும் இருக்கின்றன. முட்டையிட ஆண் மீன் கரையில் ஒரு மீட்டர் வரை வளை தோண்டும். வளைகள் நெருங்கினால் மண்கரை சரியும். இரையாக விழுங்க வரும் பறவைக்கும் துடுப்பு முள் ஆபத்து.

வீட்டுத் தொட்டியில் ஒரு டேங்க் கிளீனர் ஒன்றரை அடி வளர்ந்துவிட்டது, அண்ணா. ஏரியில் விட மனசு வருகிறது.

தென் அமெரிக்க மீன் நம் நீரில் பெருகியதே இப்படி விட்டவர்களால்தான். வாங்கிய கடையில் கேளுங்கள், அல்லது பெரிய தொட்டி உள்ளவருக்குக் கொடுங்கள். வழியே இல்லையென்றால், ஒரு லிட்டர் நீருக்கு அரை மில்லி கிராம்பு எண்ணெய் எடுத்து, வெதுவெதுப்பான நீரில் குலுக்கிக் கரைத்து, மீனை அதில் விடுங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும், இது உயிர் கெட்டி மீன். பிறகு புதைத்துவிடுங்கள். சாக்கடையில் போட வேண்டாம்.