உப்புக்காற்றில் ஸ்மார்ட் வீடு: கரையோரக் கேள்விகள், பதில்கள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரம் இருப்பவர்கள் வீட்டு ஆட்டோமேஷன், கேமிங் பற்றிக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. 230 வோல்ட் தொடும் வேலை எதுவானாலும் மெயினை இறக்கிவிட்டு, எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

கீழக்கரை: காக்கா, ஈஎஸ்பி32ங்கிற வைஃபை சிப் போர்டோட ரிலே (கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற மின் சுவிட்ச்) போர்டு வச்சு 1 ஹெச்பி போர் மோட்டாரைப் போன்லேர்ந்து ஓட்டுறேன். ரிலேயில 10 ஆம்ப்னு போட்டிருக்கு, மோட்டார் 6 ஆம்ப்தான் எடுக்குது. ஆனாலும் ரிலே ஒட்டிக்கிட்டு மோட்டார் நிக்க மாட்டேங்குது. ஏன்?

தம்பி, அந்த 10 ஆம்ப் ஹீட்டர் மாதிரியான சுமைக்குச் சொன்ன கணக்கு. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். உங்கள் மோட்டாருக்கு அது 30 முதல் 40 ஆம்ப். அப்போது பறக்கும் தீப்பொறியில் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்கின்றன. போனில் 'ஆஃப்' என்று காட்டும், கீழே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். இதுதான் ஆபத்து.

ரிலே மோட்டாரைத் தொடவே கூடாது, மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்சான காண்டாக்டரின் காயிலை (அதை இழுத்து மூடும் மின்காந்தச் சுருள்) மட்டும் இயக்க வேண்டும். 230 வோல்ட் காயில் உள்ள, ஏசி-3 (மோட்டார் சுமை) பிரிவில் குறைந்தது 12 ஆம்ப் தாங்கும் காண்டாக்டர் வாங்குங்கள். கூடவே ஆம்ப் மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே போட்டு, மோட்டார் தகட்டில் உள்ள ஆம்புக்கு அதைத் திருப்பி வையுங்கள். காயிலின் இரு முனைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பர் (வோல்ட் துள்ளலை அடக்கும் சுற்று) அவசியம். இல்லையென்றால் காயில் விடும் ஒவ்வொரு முறையும் ஈஎஸ்பி ரீசெட் ஆகும், நீங்கள் புரோகிராமில் தப்புத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பச்சைப் பொத்தானை அழுத்தித் தொடங்கும் பேனல் என்றால் முன்னால் காண்டாக்டர் போட்டுப் பயனில்லை. அந்த பேனலுக்குள் இருக்கும் காண்டாக்டரின் காயில் வயரிலேயே ரிலேயைக் கொடுக்க வேண்டும்.

ஈஎஸ்பியில் டாஸ்மோட்டா என்னும் மென்பொருள் போட்டிருந்தால் 'பவர்ஆன்ஸ்டேட்' 0 என்று மாற்றுங்கள். வந்தபடி விட்டால் கரண்ட் போய் வந்ததும் பழைய நிலைக்கே திரும்பும், ஆள் இல்லாத வீட்டில் மோட்டார் தானாகக் கிளம்பும். 'பல்ஸ்டைம்' 1900 கொடுத்தால் 30 நிமிடத்தில் தானே நிற்கும். 111-க்கு மேற்பட்ட எண்ணில் 100-ஐக் கழித்தால் வருவது வினாடி, அதனால்தான் 1800-க்கு 1900.

போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமையாக ஓடுவதைப் பிடிக்க ஆம்ப் மட்டும் பார்க்காதீர்கள். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் சுமை இல்லாதபோதும் ஆம்ப் அதிகம் குறையாது, வாட்ஸ் நன்றாகக் குறையும். பிசெம்-004டி என்னும் மின் அளவி மாட்யூல் இரண்டையும் தரும். தண்ணீர் ஏறும்போது எத்தனை வாட்ஸ் என்று குறித்து, அதற்குக் கீழே உங்கள் எல்லையை வையுங்கள்.

தங்கச்சிமடம்: அண்ணே, டேங்குல தண்ணி அளவு பார்க்கப் போட்ட கம்பி கறுத்து அரிச்சுப் போகுது. அல்ட்ராசோனிக் மாட்டினா காலையில தப்பாக் காட்டுது.

உப்புத் தண்ணீரில் இரண்டு கம்பிக்கு நடுவே டிசி விட்டால் மின்பகுப்பு நடக்கும், ஒரு கம்பி கரைந்தே தீரும். ஸ்டெயின்லெஸ் போட்டாலும் குளோரைடு குழி பறிக்கும். ஒலி அனுப்பி எதிரொலியில் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக்கில் இரண்டு தொல்லை. நீர் புகாத ஜேஎஸ்என் வகை 20 செ.மீ.க்கு உள்ளே அளக்காது, ஆகவே நிரம்பிய மட்டத்திலிருந்து அதற்கும் மேலே உயர்த்தி மாட்ட வேண்டும். விடியற்காலையில் அதன் முகத்தில் நீர்த்துளி கோத்து நிற்பதால் அளவு தாறுமாறாகும். ஐந்து முறை படித்து நடு மதிப்பை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

எத்தனை சதவீதம் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றில்லையே? வயர் நுனியில் மிதக்கும் கேபிள் ஃப்ளோட் சுவிட்ச் போதும், தண்ணீரில் எந்த உலோகமும் படாது. அதற்கு 230 வோல்ட் கொடுக்க வேண்டாம், ஈஎஸ்பியின் 3.3 வோல்ட்டே போதும். மாடியிலிருந்து வயர் நீளமாக வந்தால் 2.2 கிலோ ஓம் புல்-அப்பும் (சிக்னல் வயரை 3.3 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்), ஈஎஸ்பி முனையில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போடுங்கள். ஈஎஸ்பிக்குள்ளே இருக்கும் புல்-அப்பை நம்பினால் பக்கத்து மோட்டார் கிளம்பும்போதெல்லாம் டேங்க் நிரம்பியதாகக் காட்டும்.

பாம்பன்: ஐபி65 (தூசியும் பீச்சுற தண்ணியும் புகாத) பெட்டிக்குள்ளதான் வச்சேன். ஒரு கச்சான் சீசன் முடியிறதுக்குள்ள போர்டு பச்சை பூத்துடுச்சு.

பாம்பனில் இரண்டு பக்கமும் கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக்கு மறைவான சுவர் வடகிழக்கு வாடைக்கு முகம் காட்டும், அதனால் இடம் மாற்றித் தப்ப முடியாது. பகலில் பெட்டி சூடாகி உள்காற்று வெளியேறும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றோடு வரும் உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீர் கோத்துக் கரைசலாகும். நம் கரையில் ராத்திரி தாண்டாத நாள் குறைவு. போர்டின் செம்பு வழிகளுக்கு நடுவே அந்தக் கரைசலில் கரண்ட் கசிந்து பச்சை பூக்கிறது.

புதுப் போர்டு என்றால் மாட்டும் முன்பே அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங்கை (போர்டைக் காக்கும் பூச்சு) மெல்லிதாக இரண்டு தடவை அடியுங்கள். கனெக்டர், பொத்தான், ஈரப்பதம் அளக்கும் சென்சார் மூன்றையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். பழைய போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மட்டும் துடைப்பது வீண், உப்பு அதில் கரையாது. முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் பிரஷ் போட்டுக் கழுவி, பிறகு ஆல்கஹாலால் ஈரத்தை விரட்டி, முழுதாகக் காய்ந்தபின் கோட்டிங்.

வயர் எல்லாம் பெட்டியின் அடிப்பக்கமாக, கேபிள் கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கி அடைக்கும் மூடி) வழியாக நுழைய வேண்டும். நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். ஓட்டை அடைக்க வினிகர் வாடை அடிக்கும் சிலிகானைத் தொடாதீர்கள். அது காயும்போது வெளிவரும் அமிலம் பெட்டிக்குள்ளேயே செம்பை அரிக்கும். நியூட்ரல் கியூர் என்று கேட்டு வாங்குங்கள். போர்டை எப்போதும் ஆன் செய்தே வைத்திருப்பதும் நல்லது, அந்தச் சிறு சூடு ஈரத்தைத் தள்ளி நிறுத்தும்.

தொண்டி: நெட் போனா லைட்டு கூடப் போட முடியலை.

உங்கள் சுவிட்ச் வெளியூர் சர்வரைக் கேட்டு நடக்கிறது. வெளி சர்வரைக் கேட்காத சுவிட்ச் போட்டு, வீட்டுக்குள்ளேயே ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) ஓடினால் நெட் தேவையில்லை, ரவுட்டருக்கும் அது ஓடும் கணினிக்கும் கரண்ட் இருந்தால் போதும். ராஸ்பெர்ரி பை என்னும் சின்னக் கணினியில் ஓட்டினால் எஸ்டி கார்டு வேண்டாம், அடிக்கடி கரண்ட் கட்டில் அது கெட்டுப்போகும். எஸ்எஸ்டி போடுங்கள். சுவரில் உள்ள சுவிட்ச் எந்த நிலையிலும் கையால் வேலை செய்ய வேண்டும், வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு அதுதான் வீடு.

மண்டபம்: அண்ணே, கேம்ல பிங் குறையவே மாட்டேங்குது. சேட்டிலைட் நெட் போட்டா சரியாகுமா?

பிங் என்பது சிக்னல் சர்வருக்குப் போய் வரும் நேரம். ஃபைபரில் ஒளி ஒரு மில்லி செகண்டில் ஏறத்தாழ 200 கி.மீ. போகும். மும்பை சர்வர் நேர்கோட்டில் 1,300 கி.மீ. போல இருக்கும், போய் வர 13 மில்லி செகண்ட். இதற்குக் கீழே யாராலும் இறக்க முடியாது, சுற்றுவழி என்பதால் நிஜத்தில் கூடும். உங்கள் கையில் இருப்பது வீட்டுக்குள்ளே உள்ள பகுதி. வைஃபையை விட்டு லேன் கேபிள் போடுங்கள். யாராவது வீடியோ ஏற்றும்போது மட்டும் பிங் ஏறினால், ரவுட்டரில் எஸ்கியூஎம் (நெட் நெரிசலை ஒழுங்குபடுத்தும் வசதி) இருந்தால் அதை லைன் வேகத்தில் 90 சதவீதத்துக்கு அமையுங்கள்.

சேட்டிலைட்டில் எந்த உயரம் என்பதுதான் கேள்வி. பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள்கள் வழியே உலகத் தொடர்பு என்று 1945-இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அறிவியல் புனைகதைக்காரரான அவர் 1956 முதல் நமக்கு எதிர்க்கரையான இலங்கையில் வாழ்ந்தவர். அந்த உயரம் 35,786 கி.மீ. கேள்வி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்க 480 மில்லி செகண்ட் ஆகும். டிவிக்கு அருமை, சுடும் கேமுக்கு ஆகாது. 550 கி.மீ. உயரத்தில் பறக்கும் வகையில் இந்தத் தாமதம் சில மில்லி செகண்டுதான்.

ஏர்வாடி: கேமிங் பிசியை ஜன்னல் பக்கம் வைக்கலாமா?

வேண்டாம். ஃபேன் உப்பையும் மணலையும் உள்ளே இழுத்து ரேம் முனைகளை அரிக்கும். கடலுக்கு எதிர்ச் சுவரோரம், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், காற்று உள்ளே போகும் பக்கம் வலை ஃபில்டரோடு வையுங்கள். விளையாடாவிட்டாலும் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடட்டும்.

சாயல்குடி: சோலார் பேனல் வாங்கும்போது என்ன கேக்கணும்?

ஐஈசி 61701 உப்பு மூடுபனிச் சோதனைச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அலுமினியச் சட்டத்தில் சாதா இரும்பு போல்ட் போட விடாதீர்கள், 316 ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நடுவே நைலான் வாஷரும் வேண்டும். வாஷர் ஏர்த் தொடர்பை அறுத்துவிடும் என்பதால் சட்டத்துக்குத் தனி ஏர்த் வயர் இழுங்கள்.