கேளுங்கள், சொல்கிறேன்: சிப்பாயின் தீக்காயமும் அரசாங்கத்தின் பணமும்

(தீக்காய வார்டில் பல வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கோவில்பட்டி வாசகர்: அமெரிக்க ராணுவம் தீக்காய ஆராய்ச்சிக்கென்றே வருஷா வருஷம் தனியாகப் பணம் ஒதுக்குகிறதாமே? குண்டு போடுகிறவர்களே மருந்தும் தேடுவதா? அந்தப் பணத்தைச் சாதாரண ஜனங்களின் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தால் என்ன?

உங்கள் கோபம் நியாயமானதுதான். போரே இல்லாவிட்டால் அந்தச் சிப்பாய்க்குத் தீக்காயமும் இல்லை. ஆனாலும் அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வார்டில் நாங்கள் நம்பியிருந்த பல விஷயங்கள் அப்படிப்பட்ட பணத்தில் வந்தவை.

முதலில் தொகையைப் பாருங்கள். ராணுவத் தீக்காய ஆராய்ச்சிக்கென்று அமெரிக்கா 2011-ல் ஒரு தனித் திட்டம் ஆரம்பித்தது. அதற்கு ஒதுக்குவது ஆண்டுக்கு 1 கோடி டாலர் அளவில்தான். ஒரு எஃப்-35 போர் விமானத்தின் விலையோ 8 கோடி டாலருக்கு மேல். எட்டு வருஷ ஆராய்ச்சிப் பணத்தைச் சேர்த்தாலும் ஒரு விமானம் வாங்க முடியாது. போரில் காயம்படுகிறவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேர் வரை தீக்காயத்தோடு வருகிறார்கள். அதை வைத்துப் பார்த்தால் இந்தப் பணம் போதாது என்றுதான் சொல்வேன்.

அப்புறம், சாதாரண ஜனங்களின் ஆஸ்பத்திரி என்றீர்களே. டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரில் அமெரிக்க ராணுவத்தின் தீக்காய மையம் இருக்கிறது. 1949-லிருந்து தீக்காயத்துக்கு வைத்தியமும் ஆராய்ச்சியும் ஒரே இடத்தில் நடக்கின்றன. அங்கே சிப்பாய்கள் மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்தில் வீட்டிலும் வேலையிடத்திலும் தீப்பட்டவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அங்கிருந்து வந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். பெரிய தீக்காயத்தில் முதல் நாள் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் புண்ணால் வருவதில்லை. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறிவிடும், ரத்த ஓட்டம் படுத்துவிடும். அதனால்தான் ட்ரிப்ஸ். குறைவாகப் போட்டால் சிறுநீரகம் போய்விடும். அதிகமாகப் போட்டால் வயிறு கல்லாக இறுகி, மூச்சு திணறும். டல்லாஸ் நகரத்து பார்க்லேண்ட் ஆஸ்பத்திரியில் 1968-ல் வந்த கணக்கு ஒன்று உண்டு. உடல் எடையை வெந்த பரப்பின் சதவீதத்தால் பெருக்கி, அதை 4 மில்லியால் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்துக்கான ட்ரிப்ஸ் அளவு வரும். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நிமிஷத்திலிருந்து ஆரம்பம். நோயாளி மூன்று மணி நேரம் தாமதமாக வந்தால் மறுபடியும் கணக்குப் போட வேண்டும்.

சான் அன்டோனியோக்காரர்கள் 2010-ல் இதைச் சுருக்கினார்கள். 40 முதல் 80 கிலோ வரை எடையுள்ள பெரியவர் என்றால், வெந்த சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் போதும். 40 சதவீதமா, மணிக்கு 400 மில்லியில் ஆரம்பி. எண்பதுக்கு மேல் ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 100 மில்லி கூட்டு. அதன் பிறகு யூரின் பையைப் பார்த்து, மணிக்கு 30 முதல் 50 மில்லி இறங்கும்படி ட்ரிப்ஸைக் கூட்டு, குறை. போர்முனையில் டாக்டர் பக்கத்தில் இல்லாமல் தவிக்கும் மருத்துவ உதவியாளருக்காக யோசித்தது இது. நடுராத்திரியில் ஒற்றை நர்ஸாக வார்டு முழுவதையும் பார்க்கிறவளுக்கும் இதே கணக்குதான் கைகொடுக்கும். டார்ச் வெளிச்சத்தில் யூரின் பையின் கோடுகளைப் படித்துச் சீட்டில் எழுதிய ராத்திரிகளை நான் மறக்கவில்லை.

தஞ்சாவூர் வாசகி: இப்படிச் செலவழித்ததில் புதிய மருந்து என்று எதையாவது காட்ட முடியுமா? பலன் எத்தனை வருஷத்தில் கிடைக்கும்?

காட்டலாம். அன்னாசித் தண்டிலிருந்து எடுத்த நொதியில் ஒரு களிம்பு வந்திருக்கிறது. இஸ்ரேல் கம்பெனி ஒன்றின் தயாரிப்பு, பெயர் நெக்ஸோபிரிட். ஆழமாக வெந்த தோலை எடுத்தால்தான் புண் ஆறும். வழக்கமாகக் கத்தியால் சீவி எடுப்பார்கள். எவ்வளவு கைதேர்ந்த டாக்டராக இருந்தாலும் நல்ல தோலும் கொஞ்சம் சேர்ந்து போகும், ரத்தமும் நிறையப் போகும். இந்தக் களிம்பைப் பூசி 4 மணி நேரம் மூடிவைத்துத் துடைத்தால் வெந்தது மட்டும் வழித்துக்கொண்டு வந்துவிடும். ஐரோப்பாவில் 2012-ல் அனுமதி கிடைத்தது, அமெரிக்காவில் 2022 டிசம்பரில். அங்கே நடந்த சோதனைகளுக்கு அந்நாட்டு அரசாங்கப் பணம் உதவியது. இதைக் குளிரில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். போர்முனையில் ஃப்ரிட்ஜுக்கு எங்கே போவது? அதனால் சாதாரண வெப்பத்தில் கெடாத வகையை உருவாக்க அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தனியாகப் பணம் கொடுத்திருக்கிறது. எனக்கு ஆவலெல்லாம் இதில்தான். அடிக்கடி கரண்ட் போகிற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஒரு நாள் அது வந்து சேர வேண்டும்.

இன்னொன்று, தோலைத் தெளிக்கும் முறை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து டாக்டர் ஃபியோனா வுட் உருவாக்கியது. நோயாளியின் உடம்பிலிருந்து 1 சதுர சென்டிமீட்டர் தோலை எடுத்து, செல்களைப் பிரித்துத் திரவத்தில் கலந்து தெளித்தால் 80 சதுர சென்டிமீட்டர் வரை போதும். 2002 பாலி குண்டுவெடிப்பில் வெந்தவர்களுக்கு அவர் வைத்தியம் பார்த்தார். அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது 2018-ல். அங்கே நடந்த சோதனைக்கும் ராணுவ ஆராய்ச்சிப் பணம் உதவியது. ஆக, வருஷக்கணக்கில்தான் பலன். போர் நடக்கும்போது தாராளமாகக் கொடுத்து, முடிந்ததும் கையை இறுக்கிக்கொண்டால் இதெல்லாம் பாதியில் நின்றுவிடும். இதைத்தான் நான் பெரிய அநியாயமாக நினைக்கிறேன்.

நினைத்தே பார்க்காத பலனும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் வெந்து வந்தபோது, அடுத்தவர் தோலை ஏன் உடம்பு ஏற்பதில்லை என்று கண்டுபிடிக்க பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பீட்டர் மெடவாரை கிளாஸ்கோ ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அங்கே அவரும் டாக்டர் தாமஸ் கிப்சனும் பார்த்தது குளிர்காய வைத்திருந்த கேஸ் கணப்பில் விழுந்து வெந்த ஓர் இளம்பெண்ணை. அவளுடைய சகோதரனின் தோலை இரண்டாம் தடவை வைத்தபோது, முதல் தடவையைவிடச் சீக்கிரமாக உதிர்ந்தது. உடம்பு அந்நியத் தோலை நினைவில் வைத்திருக்கிறது என்று 1943-ல் எழுதினார்கள். மெடவாருக்கு 1960-ல் நோபல் பரிசு. அதே போரின்போது பென்சில்வேனியா ராணுவ ஆஸ்பத்திரியில் வெந்த வீரர்களுக்குத் தோல் ஒட்டியவர் ஜோசப் முர்ரே. 1954-ல் இரட்டைச் சகோதரர்களுக்கிடையே சிறுநீரகத்தை மாற்றி வெற்றி கண்டவர் அவர்தான். இன்று சென்னையில் ஒருவருக்குச் சிறுநீரகம் மாற்றுகிறார்கள் என்றால் அதன் வேர் அந்த வார்டுகளில் இருக்கிறது.

ராணுவப் பணம் இல்லாமலும் நடக்கும் என்பதற்கு அடையாறிலேயே சான்று உண்டு. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாட்டிலிருந்து எடுக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் தாள் தயாரிக்கும் முறையை உருவாக்கியது. வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். மேலோட்டமான, சுத்தமான புண்ணில் ஒட்டிவிட்டால் தினமும் பிரித்துக் கட்ட வேண்டாம். டிரஸ்ஸிங் தள்ளுவண்டியின் சத்தம் கேட்டாலே அழ ஆரம்பிக்கும் குழந்தைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

வேலூர் வாசகி: என் மகன் ராணுவத்தில் டாங்கிப் படையில் இருக்கிறான். தீ என்றாலே எனக்கு நடுக்கம். அவனிடம் நான் என்ன சொல்வது?

சகோதரி, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. போரில் அதிகம் வேகும் இடங்கள் கையும் முகமும், மூடாமல் இருப்பதால். புழுக்கமாக இருக்கிறது என்று கையுறையைக் கழற்றக் கூடாது என்று சொல்லுங்கள். உள்ளே பாலியெஸ்டர் பனியன் வேண்டாம், பருத்தி போதும். ஈராக்கில் இருந்த அமெரிக்க மரைன் வீரர்கள் முகாமுக்கு வெளியே போகும்போது அப்படிப்பட்ட உள்ளாடைகளைப் போடக் கூடாது என்று 2006-ல் தடையே போட்டார்கள். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும்.

தீப்பட்டால் 20 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்ட வேண்டும். உடனே முடியாவிட்டாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம். கை வெந்தால் விரல் வீங்கி மோதிரம் இறுகி, ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆகவே டாங்கிக்குள் ஏறுவதற்கு முன்பே மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள், நீங்கள் போட்டுவிட்டதாக இருந்தாலும் சரி.