கை பேச்சைக் கேட்காதபோது: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கையைப் பற்றியவை. எல்லோரும் "கை வீக்கா இருக்கு" என்றே எழுதுகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று சங்கதி கலந்து கிடக்கிறது. பலம் குறைவது ஒன்று, உணர்ச்சி குறைவது ஒன்று, இரண்டும் ஓரளவு இருந்தும் விரல் தடுமாறுவது இன்னொன்று. தூக்கமாட்டாமல் டம்ளர் விழுவதும், பிடித்திருக்கிறோமா என்றே தெரியாமல் விழுவதும் ஒன்றல்ல. பரிகாரமும் அதனால் ஆளுக்கு ஆள் மாறும்.

கேள்வி: வயது 61. கழுத்து எலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அமுக்குகிறது என்று ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆபரேஷன் ஆயிற்று. நடை தேறிவிட்டது, கைதான் தேறவில்லை. சட்டை பட்டன் போட வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது. வேட்டி நழுவுகிறது. சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்துகிறது. ரப்பர் பந்தை அமுக்கச் சொல்கிறார்கள். அமுக்கலாமா?
– வாசகர், கடையம்

பதில்: பந்தைத் தள்ளி வையுங்கள். உங்களுக்குக் குறைந்திருப்பது கையை மூடும் பலத்தைவிட, விரலைச் சட்டென்று விரிக்கும் வேகமும் நுனிவிரல் நிதானமும்தான். பந்து ஏற்கெனவே மூடத் தெரிந்த கையை மேலும் மூடவே பழக்கும். அதற்குப் பதில் ஐந்து விரல் நுனியையும் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு மாட்டி மெல்ல விரியுங்கள். ஒரு தட்டில் அரிசியைக் கொட்டி, அதற்குள் பத்துக் காசைப் புதைத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள். துணி கிளிப்பைக் கொடியில் மாட்டி எடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை போதும். மறுநாள் கை முன்னைவிடச் சோர்ந்திருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

தேறுகிறதா என்பதற்கு வீட்டிலேயே ஒரு அளவுகோல் உண்டு. உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, 10 விநாடியில் எத்தனை தடவை முழுதாக விரித்து முழுதாக மூட முடிகிறது என்று எண்ணுங்கள். 20-ம் அதற்கு மேலும் வந்தால் சாதாரணம். வயதானவர்களுக்குச் சற்றுக் குறையும். மாதம் ஒரு தடவை எண்ணி, காலண்டரில் குறித்து, டாக்டரிடம் காட்டுங்கள். இந்த ஆபரேஷனின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. தேறுதல் பெரும்பாலும் முதல் 6 முதல் 12 மாதத்துக்குள் வரும். முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஆகவே காத்திருக்கிற நேரத்தில் சட்டையை மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

எளிய வழி: கீழ்ப் பட்டன்களைப் போட்டபடியே விட்டு, மேலே இரண்டை மட்டும் திறந்து தலைவழியே மாட்டுவது. அதுவும் சிரமமென்றால் டெய்லரிடம் கொடுங்கள். பட்டனைப் பிரித்து, பட்டன் துளையின் மேலேயே தைத்துவிடச் சொல்லுங்கள். அதன் பின்புறம் 2 செ.மீ. நீளத்தில் வெல்க்ரோ, அதாவது ஒட்டிப் பிரிக்கும் பட்டை. பார்வைக்குப் பட்டன் போட்ட சட்டைதான். சொரசொரப்பான பக்கம் அடிமடிப்பில் வெளியே பார்த்தபடி இருக்க வேண்டும். இடம் மாற்றித் தைத்தால் நெஞ்சை அராவும். துவைக்கும்போது ஒட்டிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் மற்றத் துணியின் நூலையெல்லாம் இழுத்துக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டி அதன் மேல் நேராகப் படக்கூடாது, உருகிவிடும். வேட்டிக்கு, ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்தது கடையிலேயே கிடைக்கிறது. வாங்கும்போது உட்கார்ந்து பாருங்கள். நிற்கையில் சரியாக இருக்கும் பட்டை உட்கார்ந்தால் பிரியும்.

சாப்பாட்டுக்கு வருவோம். வாழையிலையில் சோற்றை ஒதுக்கிச் சேர்க்க அண்டை கிடையாது. விளிம்பு உயர்ந்த தட்டு எடுத்து, அடியில் ஈரத்துணி விரியுங்கள், தட்டு நகராது. சோற்றைக் கொஞ்சம் குழைய வடித்து, சொதியோ புளிக்குழம்போ கெட்டியாக ஊற்றிப் பிசைந்தால் கவளம் நிற்கும். ரசத்தைக் கிண்ணத்தில் தனியாகக் குடித்துவிடுங்கள். ஸ்பூனுக்கு மாற விரும்பினால் காம்பைப் பருமனாக்க வேண்டும். ஏ.சி. குழாய்க்கு மாட்டும் கறுப்பு நுரைக்குழாய் 10 செ.மீ. துண்டு வாங்கிச் செருகினால் போதும். மொத்தக் கனம் 3 செ.மீ. அளவில் இருக்கட்டும். அதற்கு மேல் பருத்தால் விரல் சுற்றி வளையாது, பிடி இன்னும் மோசமாகும். ராத்திரி கழற்றிக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கனமான ஸ்பூன் கை நடுங்குகிறவர்கள் சிலருக்கு உதவும். பலம் குறைந்தவருக்கு அது பாரம்தான்.

எவர்சில்வர் டம்ளரில் பழைய சைக்கிள் ட்யூபை ஒரு விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டி இரண்டு மாட்டுங்கள். அரை டம்ளர்தான் ஊற்ற வேண்டும். எடுக்கும்போது கையைப் பாருங்கள். விரல் எங்கிருக்கிறது என்று மூளைக்குச் சரியாகச் செய்தி போகாதபோது கண்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். பேசிக்கொண்டே காப்பி வாங்குவதுதான் பெரும்பாலும் கொட்டுகிறது.

கடைசியாக ஒன்று. சலூனில் முடிவெட்டி முடித்துக் கழுத்தைச் சொடுக்குகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. உட்காரும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எவ்வளவு கைராசிக்கார ஆசானாக இருந்தாலும் கழுத்தைத் திருகி நீவும் வர்மத் தடவலும் உங்களுக்கு ஆகாது. நடை திரும்பவும் தள்ளாடினாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: இருபது வருஷமாகப் பீடி சுற்றுகிறேன். ராத்திரி ரெண்டு மணிக்குக் கை மரத்து முழிப்பு வருகிறது. உதறினால் சரியாகிறது. இப்போது பகலிலும் நூல் கட்டும்போது நூல் விரலில் இருக்கிறதா என்று தெரிய மாட்டேன் என்கிறது.
– வாசகி, முக்கூடல்

பதில்: எந்த விரல் மரக்கிறது என்று எழுதவில்லை. அதுதான் முக்கியம். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்குண்டிருக்கிறது. சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலின் பாதியும் என்றால் முழங்கைப் பக்கம் பார்க்க வேண்டும். ஐந்து விரலும், இரண்டு கையும் என்றால் கழுத்தையும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். உதறினால் தெளிகிறது என்பதால் முதலாவதாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் ராத்திரி மட்டும் மணிக்கட்டுப் பட்டை போடுங்கள், ஆறு வாரம். மடங்கிய மணிக்கட்டோடு தூங்குவதுதான் நரம்பை நெருக்குகிறது, அதனால் மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். கடையில் விற்கும் பட்டைகள் பலவற்றில் உள்ளே இருக்கும் தகடு மேல்நோக்கி வளைந்திருக்கும். அதை உருவி, தட்டி நேராக்கி, திரும்பச் செருகுங்கள். இதைச் செய்யாமல் "பட்டை போட்டும் கேட்கவில்லை" என்பவர்கள் நிறைய. இறுக்கிக் கட்டினாலும் பலன் போய்விடும். பகலில் பட்டையோடு பீடி சுற்றாதீர்கள். மணிக்கட்டு செய்கிற வேலையைத் தோளும் விரலும் இழுத்துச் செய்து வலி இடம் மாறும்.

வேலையில் மாற்றக்கூடியவை உண்டு. இலை பதமாக நனையாவிட்டால் வெடிக்கும், அதைச் சுருட்ட விரல் இரட்டிப்பாக அழுத்தும். ஆகவே நனைப்பதில் அவசரப்படாதீர்கள். கத்தரிக்குச் சாணை பிடித்து, திருகைச் சற்றுத் தளர்த்தி, பெருவிரல் வளையத்தில் துணி சுற்றுங்கள். இலை வெட்டுவதை மொத்தமாக ஒரே இருப்பில் முடிக்காமல் சுற்றுவதோடு மாற்றி மாற்றிச் செய்யுங்கள். தட்டு மடியில் தாழ்வாக இருந்தால் கழுத்தும் மணிக்கட்டும் சேர்ந்து மடங்கும். அடியில் ஒரு பலகை வைத்து உயர்த்தி, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். நூல் உணராத விரலுக்கு வெளிச்சம்தான் துணை. ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

சர்க்கரையும் தைராய்டும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், இரண்டுமே இதைக் கிளப்பும். நரம்புப் பரிசோதனைக்குப் போகிற நாளில் கையில் எண்ணெய் தேய்க்காதீர்கள், மின்முனை ஒட்டாது. இரண்டு உள்ளங்கைகளையும் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள்: பெருவிரல் அடிச்சதை ஒரு பக்கம் வற்றியிருந்தால் பட்டையை நம்பி நாள் கடத்தக் கூடாது. நரம்பை நெருக்கும் இணைப்பு நாரை வெட்டி விடுவிப்பது சிறிய ஆபரேஷன், பெரும்பாலும் கையை மட்டும் மரக்க வைத்துச் செய்து அன்றே அனுப்பிவிடுவார்கள். வற்றிய சதை மட்டும் லேசில் திரும்பாது. உங்கள் ஊரிலேயே பீடித் தொழிலாளர் நல ஆஸ்பத்திரி இருக்கிறது. அடையாள அட்டையோடு அங்கே தொடங்கலாம்.

கேள்வி: கல்லூரி மாணவன், வயது 19. ஒரு வருஷமாக வலது கை விரல் பலம் குறைந்து முன்கை மெலிகிறது. வலி இல்லை. மார்கழியில் ஆற்றில் குளித்து வந்தால் விரல் விரியவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: குளிரில் விரல் முடங்குவது நல்ல துப்பு. 1959-ல் ஜப்பானிய டாக்டர் ஹிராயாமா விவரித்த ஒரு நிலை இளைஞர்களுக்கு, அதிலும் ஆண்பிள்ளைகளுக்கு, இப்படித்தான் வரும். கழுத்தைக் குனியும்போது தண்டுவடத்தின் உறை முன்னால் நகர்ந்து அதை அழுத்துகிறது. பெரும்பாலும் சில வருஷத்தில் தானே நின்றுவிடும். அதற்குள் எவ்வளவு இழக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. மற்ற காரணங்களும் உண்டு என்பதால் நரம்பியல் டாக்டர் பார்க்காமல் முடிவுகட்டக் கூடாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். சாதாரணமாக நேரே படுத்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இது பிடிபடாமல் போகலாம். கழுத்தைக் குனிந்த நிலையிலும் எடுக்க வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அதுவரை மடியில் போனை வைத்துக் குனிந்து பார்ப்பதை நிறுத்துங்கள். புத்தகத்தைச் சாய்மேசையில் வையுங்கள். டாக்டர் கழுத்துப் பட்டை எழுதினால் வெட்கப்படாமல் போடுங்கள், இந்த நோயில் அதுதான் மருந்து. பரீட்சைக்கு முன் கையை வெதுவெதுப்பான நீரில் வைத்துத் துடைத்துவிட்டு உட்காருங்கள். எழுதுவது பாதித்திருக்கிறது என்பதற்கு மருத்துவச் சான்றிதழ் இருந்தால், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் கேட்கலாம். பரீட்சைக்கு வெகு முன்னாலேயே மனுக் கொடுங்கள்.

கேள்வி: அம்மா பாய் நெய்கிறவர். இடது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்கிவிட்டன. அடுப்பில் சட்டி இறக்கும்போது சுட்டுக்கொண்டு, கொப்புளம் பார்த்த பிறகுதான் தெரிகிறது.
– வாசகி, பத்தமடை

பதில்: தாமதம் வேண்டாம். சர்க்கரை வியாதி பெரும்பாலும் காலில்தான் முதலில் மரக்கும். கையில் ஒரு பக்கம் மட்டும், அதுவும் சுண்டுவிரல் பக்கம் மரத்து மடங்கினால் முழங்கை நரம்பையும், கூடவே தொழுநோயையும் பார்க்க வேண்டும். உடம்பில் எங்காவது வெளிறிய, தொட்டால் தெரியாத தேமல் உண்டா என்று பாருங்கள். தொழுநோய்தான் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை இலவசம், வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ. நரம்பு பலவீனம் வந்து 6 மாதத்துக்குள் என்றால் ஸ்டீராய்டு கொடுத்து மீட்க வழியிருக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கிற நேரத்தில் விரல்தான் போகும்.

சட்டி இறக்க இடுக்கி வேண்டாம், அதற்குப் பிடிபலம் வேண்டும். இரண்டு காதையும் பிடிக்கிற கனத்த துணிப்பிடியும், மரக்காம்புக் கரண்டியும் வைத்துக்கொள்ளுங்கள். கோரை கிழிக்கும் கத்தி நல்ல கையில் இருக்கட்டும், மற்றக் கை கோரையைப் பிடித்தால் போதும். தினமும் 20 நிமிடம் சாதாரண நீரில் கையை ஊறவைத்து, காய்ப்பை மெல்லத் தேய்த்து, ஈரத்தோடு எண்ணெய் தடவ வேண்டும். படுக்கும் முன் உங்கள் கண்ணால் ஒரு தடவை அந்தக் கையைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் கையெழுத்து மாறிவிட்டதால் பேங்க்கில் பணம் எடுக்க முடியவில்லை.
– வாசகர், வள்ளியூர்

பதில்: கொஞ்சமாவது எழுத முடிந்தால் புதுக் கையெழுத்தைப் பதிவு செய்து தரும்படி கேளுங்கள். முடியாவிட்டால் பெருவிரல் ரேகை வைக்கலாம். உடம்புக்கு முடியாத வாடிக்கையாளருக்கு ரிசர்வ் வங்கி விதியே வழி சொல்கிறது: வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். கைவிரல் ரேகை வைக்க முடியாவிட்டால் கால்விரல் ரேகையும் செல்லும். கவுண்டரில் மறுத்தால் மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்குங்கள்.