அமெரிக்க ரயில்வேயில் ‘ட்ரெயின் ஆர்டர்’ முறை ஏன் ஒழிந்தது? நம் ஊரில் அதுபோல் ஏதாவது இருந்ததா?

கேள்வி கேட்டவர் ஏதோ பழைய வீடியோ பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கவை போன்ற கோலை உயர்த்திப் பிடித்திருப்பார். ஓடுகிற எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு, கோலில் கட்டியிருக்கும் காகிதத்தைப் பறித்துக்கொண்டு போகும். எந்த ரயில் எங்கே ஒதுங்க வேண்டும், எது முன்னே போகலாம் என்று எழுதிய அந்தக் காகிதம்தான் ட்ரெயின் ஆர்டர். நான் அமெரிக்கா போனதில்லை. முதலில் மீட்டர் கேஜ், அப்புறம் பிராட் கேஜ் என்று முப்பத்து நான்கு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். அதனால் அந்த நாட்டுக் கதை படித்துத் தெரிந்தது, நம் ஊர்க் கதை பட்டுத் தெரிந்தது.

ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில் எங்கே ஒதுங்க வேண்டும் என்பதை அங்கே டைம் டேபிள்தான் சொல்லும். ஒன்று லேட்டானால் இன்னொன்று காத்துக் கிடக்க வேண்டியதுதான். 1851-ல் ஈரி ரயில்ரோடின் சூப்பரின்டெண்டெண்ட் சார்லஸ் மைனாட், தந்தி கொடுத்து எதிர் ரயிலை முன்னாலிருந்த ஒரு ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு, தன் ரயிலை முன்னே போகச் சொன்னார். டிரைவர் முடியாது என்றுவிட்டார். மைனாட் தானே எஞ்சினில் ஏறி ஓட்டினார். டிரைவர், மோதினால் தப்பிக்கலாம் என்று கடைசிப் பெட்டியின் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாராம். எல்லாரும் மைனாட்டைப் புகழ்வார்கள். எனக்கு அந்த டிரைவரைத்தான் பிடிக்கும்.

அங்கிருந்து வளர்ந்தது அந்த முறை. ஓரிடத்தில் உட்கார்ந்து பாதை முழுக்க ரயில்களை நடத்தும் டிஸ்பாட்சர் உத்தரவைச் சொல்வார். வழியிலுள்ள ஸ்டேஷன் ஆபரேட்டர்கள் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாளில் கார்பன் வைத்து எழுதி, ஒருவர் பின் ஒருவராகத் திருப்பிப் படிப்பார்கள். டிஸ்பாட்சர் தன் நோட்டில் ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போட்டுச் சரிபார்ப்பார். ஃபார்ம் 31 என்றால் ரயில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். ஃபார்ம் 19 என்றால் ஓட்டத்திலேயே வாங்கிக்கொண்டு போகலாம். நீங்கள் வீடியோவில் பார்த்தது 19-ஆக இருக்கும்.

ஏன் ஒழிந்தது என்றால், 1927-ல் ஒஹாயோவில் ஒரே அறையில் உட்கார்ந்து பல மைல் தூரத்தில் தடம் மாற்றும் பாயிண்டையும் சிக்னலையும் இயக்கும் சி.டி.சி. (சென்ட்ரலைஸ்டு டிராஃபிக் கன்ட்ரோல்) வந்தது. நெரிசலான பாதைகள் மெல்ல அதற்கு மாறின. மீதிப் பாதைகளுக்கு ரேடியோ. 1980-களில் ‘ட்ராக் வாரன்ட்’ பரவியது. டிஸ்பாட்சர் ரேடியோவில் நேராக ரயில்காரரிடமே சொல்வார், அவரே படிவத்தை நிரப்பித் திருப்பிப் படிப்பார். எழுதுவதும் படித்துக் காட்டுவதும் அப்படியே இருக்க, நடுவில் ராத்திரி முழுக்க விழித்திருந்த ஆபரேட்டருக்கு மட்டும் வேலை இல்லாமல் போனது.

நம் ஊரில் அதே மாதிரி இருந்ததா என்றால், இல்லை. அங்கே டிஸ்பாட்சர் ஒரே தடத்தை இரண்டு ரயிலுக்கும் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டால் குறுக்கே வந்து தடுக்க எந்த இயந்திரமும் கிடையாது. நம்மிடம் செக்‌ஷன் கன்ட்ரோலர் எந்த வண்டியை முதலில் விடுவது என்று சொல்லலாம், திட்டலாம். ஆனால் லைன் கிளியர், அதாவது தடம் காலி, வண்டியை அனுப்பலாம் என்ற அனுமதி, கொடுப்பது இரண்டு பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர்கள்தான். எழுத்தில் கொடுப்பதும் உண்டு. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் காஷன் ஆர்டர், கருவி பழுதானால் பேப்பர் லைன் கிளியர். ஆனால் அன்றாடம் ஒற்றைத் தடத்தில் எங்கள் அதிகாரம் காகிதத்தில் இல்லை, ஒரு இரும்பு உருண்டையில் இருந்தது. நீல்ஸ் பால் டோக்கன். பிரம்பு வளையத்தில் தோல் பை, பைக்குள் உருண்டை, உருண்டை மேல் இரண்டு ஸ்டேஷன் பெயர். அது கையில் இல்லாமல் டிரைவர் அந்த இரண்டு ஸ்டேஷனுக்கும் இடையிலான செக்‌ஷனுக்குள் நுழையக் கூடாது. பக்கத்து ஸ்டேஷன்காரர் அங்கே மின்சாரம் கொடுத்தால்தான் என் டோக்கன் கருவியிலிருந்து உருண்டை விழும். அது ஏதாவது ஒரு முனையில் திரும்ப உள்ளே போகும்வரை இரண்டாவது உருண்டை வராது.

இப்போது என் கதை. 1987, ஐப்பசி கடைசி, டெல்டா பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் வேண்டாம். நைட் டியூட்டி. மாலையிலிருந்து விடாத மழை. லூப்பில், அதாவது ஒதுங்கும் பக்கத் தடத்தில், ஒரு கூட்ஸ், நீராவி எஞ்சின், கிழக்கே போகக் காத்திருக்கிறது. கிழக்கிலிருந்து பாசஞ்சர் வந்து நின்றது. முழு வண்டியும் வந்துவிட்டதா என்று கடைசிப் பெட்டி விளக்கைப் பார்த்துக்கொண்டேன். பாசஞ்சர் போட்டுவிட்டுப் போன வளையத்தை எங்கள் போர்ட்டர் எடுத்து வந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

கூட்ஸ் டிரைவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். அவர் வேலை நேரம் எப்போதோ முடிந்திருந்தது. “அந்த உருண்டையையே குடுத்துடுங்க சார். உள்ள போட்டு வெளிய எடுத்தா வேற உருண்டையா ஆயிடப் போவுது?”

யோசித்தால் அவர் சொன்னது பாதி சரி. அந்த செக்‌ஷனின் உருண்டை எங்கள் கையில் இருக்கிறது, ஆகவே எதிரே வேறு வண்டி வர முடியாது. ஆனால் விதி என்னவென்றால், வந்த உருண்டையைக் கருவியில் போட வேண்டும், கருவியின் மணியை நாலு தடவை அடித்து வண்டி வந்து சேர்ந்தது என்று பக்கத்து ஸ்டேஷன்காரருக்குச் சொல்ல வேண்டும், அவர் பதில் மணி அடிக்க வேண்டும். பிறகு புதிதாக லைன் கிளியர் கேட்டு, அதை உறுதிசெய்ய அவர் சொல்லும் பிரைவேட் நம்பர் என்ற ரகசிய எண்ணை வாங்கி, மறுபடி உருண்டையை எடுக்க வேண்டும். மிஞ்சிப்போனால் ஐந்து நிமிஷம். நான் அப்போது சின்னப் பையன், டிரைவருக்கு என் அப்பா வயது. “சரி, குடுத்துடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம், சொன்னேன். கமெண்டில் வந்து திட்டுவதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன். எல்லாரும் அப்படிச் செய்தார்கள் என்றும் சொல்லவில்லை.

போர்ட்டர் அண்ணன் காதில் விழாதவர் மாதிரி உள்ளே வந்து, பையிலிருந்து உருண்டையை எடுத்து, ஈரத்தைத் தன் துண்டில் துடைத்து என் மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு நகரவே இல்லை. வேறு வழியில்லாமல் கருவியில் போட்டேன். நாலு மணி அடித்தேன், பதில் வந்தது. மறுபடி ஒரு மணி அடித்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை. டிரைவர் பீடி பற்ற வைத்தார். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து மணி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு. ஆறு என்றால் ஆபத்து, வண்டியை விடாதே.

போனை எடுத்தால், பாசஞ்சர் தாண்டிய பிறகு ஒரு சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் ஜல்லி அரித்துத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்குவதை மழைக்காலத்தில் தண்டவாளத்தை நடந்து பார்க்கும் பேட்ரோல்மேன் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். டிரைவர் பீடியை அணைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எஞ்சினுக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து பேட்ரோல்மேனுக்கும் எனக்கும் பாராட்டுக் கடிதமும் நூறு ரூபாயும் வந்தன. ‘விதிமுறையை வழுவாமல் பின்பற்றியதற்காக.’ போர்ட்டருக்கு ஒன்றும் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கடிதத்துக்குப் பதில் சார்ஜ் ஷீட் வந்திருக்கும். ஐம்பது ரூபாயை அவர் கையில் திணித்தபோது, “எனக்கு அன்னிக்குக் காது சரியாக் கேக்கல சார்” என்றார். அவ்வளவுதான்.

டோக்கன் முறையே உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. வளையம் மாற்ற வண்டி வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஃபயர்மேன் கை தவறினால் வண்டி நிற்கும், நாங்கள் லாந்தரோடு வயலில் உருண்டை தேடுவோம். ஒரு திசையில் வண்டி அதிகம் போனால் உருண்டை எல்லாம் ஒரு ஸ்டேஷனில் குவிந்துவிடும், சிக்னல்காரர் வந்து எண்ணித் திருப்பி எடுத்துப் போக வேண்டும். 1992-ல் யூனிகேஜ் திட்டம் தொடங்கி மீட்டர் கேஜ் ஒவ்வொன்றாக மூடப்பட்டு அகலமானபோது, டோக்கன் இல்லாத பிளாக் கருவிகள் வந்தன. சிக்னல் விழுந்தாலே அதிகாரம். பிறகு ஆக்ஸில் கவுன்டர், உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்த அச்சுகளையும் எண்ணிப் பார்த்து செக்‌ஷன் காலி என்று சொல்லும். நான் வால் விளக்கைப் பார்த்ததைவிட அது ஒழுங்காகவே பார்க்கிறது. எங்கள் பாதை மாறியபோது டோக்கன் போர்ட்டர்கள் சர்ப்ளஸ், அதாவது உபரி ஆள், ஆனார்கள். அண்ணனைப் பார்சல் ஆபீசுக்கு மாற்றினார்கள். அங்கே மூட்டை தூக்கியபடியே ரிட்டயர் ஆனார்.

இதைப் பற்றி யாராவது கேட்டால் நாள் முழுக்கப் பேசுவேன். ஆனால் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: “மாமா, நீங்க ரயில்வேதானே, தட்கல் கன்ஃபர்ம் பண்ணித் தர முடியுமா?” சர்வீசில் இருந்தபோதே என்னால் முடியாது. டிக்கெட் கொடுப்பது வேறு டிபார்ட்மென்ட் என்று முப்பது வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது பி.என்.ஆர். நம்பரை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, வெயிட்டிங் லிஸ்ட் நகரவில்லை என்றால் என்மேல் கோபித்துக்கொள்கிறார்கள். போன வருடம் ஒரு கல்யாணத்துக்கே என்னைக் கூப்பிடவில்லை. சரி, அது இருக்கட்டும்.

வளையம் கைமாறுவதை நேரில் பார்க்க ஆசை என்றால், நான் 2019-ல் இலங்கை போனபோது மலையகப் பாதையில் பார்த்தேன். அங்கே உருண்டைக்குப் பதில் வட்டத் தகடு, டேப்லெட் என்கிறார்கள். ஹட்டன், நானுஓயா பக்கம் போனால் முன் பெட்டியில், பிளாட்பாரப் பக்க ஜன்னலில் உட்காருங்கள். கையை வெளியே நீட்டாதீர்கள்.