பிரீமியம் டீசல் போட்டால் வண்டி பறக்குமா?

வண்டியின் டீசல் பம்ப், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் ஆகியவற்றின் வேலையில் 31 வருடமாக இருக்கும் கோவை மெக்கானிக் ஒருவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2016 மாடல் டீசல் கார், 1.3 லிட்டர் இன்ஜின். 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. லிட்டருக்கு நாலு ரூபாய் கூடக் கொடுத்து பிரீமியம் டீசல் போட்டால் பிக்அப், மைலேஜ் ரெண்டும் ஏறும் என்று பங்க் பையன் போகும்போதெல்லாம் சொல்கிறான். அதெல்லாம் ஏமாற்று, சாதா டீசலில் கொஞ்சம் 2டி ஆயில் (பழைய ஸ்கூட்டர்களுக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) கலந்து ஊற்று என்கிறார் என் மச்சான். யார் பேச்சைக் கேட்பது? — வாசகர், பல்லடம்

பதில்: மச்சான் பேச்சை முதலில் தள்ளி வையுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

பங்க் பையன் சொல்வதில் கால்வாசி உண்மை உண்டு. எக்ஸ்ட்ராகிரீன், டர்போஜெட் என்று எந்தப் பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது அதே டீசல்தான். அதில் சிறிதளவு மருந்து சேர்க்கிறார்கள். மருந்து என்று நாம் சொன்னாலும் பெரும்பங்கு அது ஒருவகை சோப்பு. நாசிலில் கரி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். கூடவே துருப்பிடிக்காமல் இருக்க ஒன்று, நுரை அடங்க ஒன்று, சிலவற்றில் சீட்டேன் ஏற்ற ஒன்று. இவை எதுவும் டீசலுக்குப் புதிதாகச் சக்தி கொடுப்பதில்லை. ஒரு லிட்டர் எரிந்தால் கிடைக்கிற வெப்பம் ஏறக்குறைய அதேதான்.

இந்த சீட்டேன் விஷயத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பெட்ரோலில் 95, 100 என்று ஆக்டேன் போட்டு விற்பதைப் பார்த்துவிட்டு டீசலையும் அப்படியே நினைக்கிறார்கள். ஆக்டேன் என்பது பெட்ரோல் அவசரப்பட்டுப் பற்றிக்கொள்ளாமல் தாங்குகிற குணம். டீசலுக்கு நேர் எதிர்: பீய்ச்சினவுடன் சட்டென்று பற்ற வேண்டும், அதற்கான எண்தான் சீட்டேன். நம் நாட்டில் சாதா டீசலுக்கே அது 51க்குக் குறையக் கூடாது என்பது விதி. உங்கள் இன்ஜினுக்கு அது போதும். அதற்கு மேல் ஏறினால் ஊட்டிக் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டக்டக் சத்தம் கொஞ்சம் குறையலாம். இழுவை அதிகமாகாது.

அப்படியென்றால் சோப்பு வீணா? இல்லை. என் பட்டறையில் கையால் அழுத்துகிற நாசில் டெஸ்டர் ஒன்று கிடக்கிறது, பழைய வண்டிகளின் நாசிலுக்கானது. நல்ல நாசிலை மாட்டி நெம்புகோலை அழுத்தினால் கர்ர்ரென்று ஒரு சத்தத்தோடு டீசல் புகை மாதிரி வரும். கரி பிடித்த நாசில் என்றால் சத்தம் செத்திருக்கும், ஒரு பக்கம் நூலாக ஒழுகும். அந்த ஒழுகல்தான் சரியாக எரியாமல் கறுப்புப் புகையாக வெளியே போவது. உங்கள் வண்டியில் இருப்பது ரொம்ப அழுத்தத்தில் பீய்ச்சுகிற காமன் ரெயில் இன்ஜெக்டர், அதில் துளை இன்னும் நுணுக்கம், தலைமுடியைவிட ஒன்றிரண்டு மடங்குதான் பெரிது. டயரில் இருக்கும் காற்றழுத்தம் ரெண்டு பார். இந்த ரகத்தில் டீசலின் அழுத்தம் 1,600 பார் வரை போகிறது. அவ்வளவு பொடித் துளையில் கரி படிவதைத் தாமதப்படுத்துவதற்கு சோப்பு உதவும். ஊசியே தேய்ந்து லீக் ஆகிற இன்ஜெக்டரை எந்தச் சோப்பும் சரி செய்யாது.

மைலேஜுக்கு வருவோம். டீசல் 92 ரூபாய் என்று வைத்தால், நாலு ரூபாய் கூடக் கொடுப்பது நூற்றுக்கு நாலுக்குச் சற்று மேல். 18 கொடுக்கிற வண்டி 18.8 கொடுத்தால்தான் போட்ட காசு திரும்பும். நான் என் வண்டியில் பார்த்தேன். ஒரே பங்க், ஒரே பம்ப், ஆட்டோ கட் ஆனவுடன் நிறுத்தி, ரெண்டு டேங்க் அது, ரெண்டு டேங்க் இது என்று மாற்றி மாற்றி. சாதாவில் 18.9, 17.6. பிரீமியத்தில் 18.7, 18.0. சாதாவுக்குள்ளேயே ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆடுகிறது! ஏசி, திருப்பூர் ரோட்டு நெரிசல், டயர் காற்று இவை செய்கிற வித்தியாசத்தில் டீசல் செய்த வித்தியாசம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

மச்சானின் 2டி ஆயில்: சல்ஃபரை எடுத்துவிட்டதால் டீசலில் வழவழப்புப் போய்விட்டது என்பது அவர் கணக்கு. 2020 ஏப்ரல் முதல் சல்ஃபர் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), உண்மை. சல்ஃபரை எடுக்கும்போது வழவழப்பு குறைவதும் உண்மை. ஆனால் அதை ஈடுகட்டும் மருந்தைக் கலந்துதான் நமக்கு அனுப்புகிறார்கள், அதற்கும் தர அளவு உண்டு. பிஎஸ்6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் இருக்கும். ஆயிலின் சாம்பல் அதில் சேர்ந்தால் கரி மாதிரி எரிந்து போகாது. உங்கள் வண்டி அதற்கு முந்தியது, உடனே கெட்டுப்போகாது. இருந்தாலும் எதற்கு?

உங்களுக்கு என் யோசனை: முதலில் டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது என்று பில்லைத் தேடுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். டர்போ ஹோஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா பாருங்கள். பிக்அப் குறைந்திருக்கிறது என்று என்னிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் இங்கேயே பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகும் மனசு கேட்கவில்லையென்றால் மூன்று, நாலு டேங்குக்கு ஒருமுறை பிரீமியம் போடுங்கள், கெடுதல் இல்லை.

கேள்வி: கடையில் விற்கிற இன்ஜெக்டர் கிளீனர் பாட்டிலை டேங்கில் ஊற்றலாமா? பத்து வருடமாக டேங்க் கழுவாத வண்டி. — வாசகர், ஈரோடு

பதில்: பத்து வருடம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதனால் ஊற்றாதீர்கள். 2009ல் நானே இந்தத் தப்பைச் செய்தேன். ஒரு பழைய டாக்ஸி, புகை தள்ளுகிறது என்று வந்தது. நல்ல எண்ணத்தில் ஒரு பாட்டிலை ஊற்றி அனுப்பினேன். மைசூருக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனவர் திம்பம் மலைப்பாதையில், 27 கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதில் நின்றுவிட்டார். புது ஃபில்டரை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். பழையதைக் கழற்றினால் உள்ளே தார் மாதிரி பிசின். டேங்க் அடியில் வருடக்கணக்காகச் சும்மா கிடந்ததைக் கிளப்பி நேராக ஃபில்டருக்கு அனுப்பியிருக்கிறேன். வண்டிக்காரர் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முதலில் டேங்கை இறக்கிக் கழுவுங்கள். ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கிற திருகு இருக்கும். அதைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகக் கோடு போட்ட மாதிரி நிற்கும்.

கேள்வி: டிரைவர் தெரியாமல் ஆட்ப்ளூவை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டார். கொஞ்சம்தானே, அதுவும் மருந்துதானே என்கிறார். ஓட்டலாமா? — வாசகர், நாமக்கல்

பதில்: சாவியைத் தொடவே தொடாதீர்கள். அது டீசலுக்கான மருந்து இல்லை. மூன்றில் ரெண்டு பங்கு தண்ணீர், மீதி யூரியா. அது போக வேண்டிய இடம் புகைக்குழாய். பம்புக்குள் போனால் உப்பாகப் பூத்து இன்ஜெக்டர் வரை பிடித்துக்கொள்ளும். இழுவை வண்டி வைத்துப் பட்டறைக்குக் கொண்டு போய் டேங்கை முழுதாகக் காலி செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஸ்டார்ட் செய்துவிட்டார் என்றால் மறைக்காமல் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், அவர் பைப் லைன் வரை பார்க்க வேண்டியிருக்கும்.