பனிக்காலத்தில் மலைவழியாகக் காரில் வீடு திரும்பும்போது வழியில் சாப்பிடலாமா, கையில் கட்டிக்கொண்டு போகலாமா?

கேட்டவர் அமெரிக்காவுக்குப் புதிது, ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வராது. மலை ஏறும் முன் சாப்பிடுங்கள், கையிலும் கட்டுங்கள். எப்படிக் கற்றேன் என்று சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில், மலைமேல் இருக்கும் டாஹோ ஏரியிலிருந்து எங்கள் ஊர் பிரீமான்ட் திரும்புகிறோம். பிப்ரவரி நீண்ட விடுமுறையின் கடைசி நாள். காலையில் அம்மா புளிசாதம் கிளறட்டுமா என்று கேட்டார். புது வண்டி, நல்லெண்ணெய் வாடை போகாது, வேண்டாம் என்றேன். (திட்டுவதற்கு முன் நீங்கள் இதை ஒருநாளும் சொன்னதில்லையா என்று யோசியுங்கள்.)

மதியம் கணவாய் ஏறுவதற்கு முன்னால் வரும் டிரக்கி என்ற சிற்றூரில் சாப்பிட்டுவிடலாம் என்றாள் மனைவி. அங்கே சுத்த சைவக்காரரான அம்மாவுக்கு என்ன கிடைக்கும்? ஃப்ரைஸ் இருக்கிறதே என்பீர்கள். அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸில் மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவையூட்டி சேர்க்கிறார்கள். அதைச் சொல்லாமல் மறைத்தார்கள் என்று சைவம் சாப்பிடுகிறவர்கள் 2001-இல் வழக்குப் போட்டு, 2002-இல் மன்னிப்பும் 1 கோடி டாலரும் வந்தன. சுவையூட்டி மட்டும் போகவில்லை. இதை அம்மாவுக்கு விளக்கமாகச் சொல்லி வைத்திருந்தவனும் நான்தான். அதிலிருந்து எந்தக் கடை ஃப்ரைஸையும் தொடமாட்டார். மலைக்கு அந்தப் பக்கம் ஆபர்ன் ஊரில் இன்-அன்-அவுட் பர்கர் கடை இருக்கிறது, வெறும் உருளைக்கிழங்கு, சூரியகாந்தி எண்ணெய், ஒன்றேகால் மணி நேரம்தான் என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

ஐ-80 நெடுஞ்சாலை டோனர் கணவாயில் 7,200 அடிக்கு மேல் ஏறுகிறது. ஏறுவதற்கு முன்பே, பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் செயின் மாட்டச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். நான் பின்சக்கரத்தில் மாட்டப் போனேன். காசுக்குச் செயின் மாட்டிவிடுகிற ஆள் ஒருவர், பனியில் மண்டியிட்டிருந்தவர், தலையில் அடித்துக்கொள்ளாத குறை. உங்கள் வண்டி முன்சக்கரத்தில் ஓடுவது, செயினும் முன்னால்தான் என்றார். 40 டாலர். கொடுத்ததற்கு வருத்தமில்லை. அதற்கப்புறம் 30 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. கொஞ்ச தூரத்தில் முன்னால் லாரி ஒன்று குறுக்கே மடிந்து கிடக்க, நின்றோம். ஏழு மணி நேரம்.

ஹீட்டருக்காக இன்ஜின் ஓட வேண்டும், புகைக்குழாயைப் பனி மூடினால் விஷவாயு உள்ளே வந்துவிடும். அரைமணிக்கு ஒருதரம் இறங்கிக் கையால் தள்ளினேன். பையனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தது. அம்மா தண்ணீர் மட்டும் குடித்தார். 1846-47 குளிர்காலத்தில் இதே மலையில் மேற்கே குடியேறக் கிளம்பிய 87 பேர் கொண்ட டோனர் கூட்டம் மாட்டி, ஏறக்குறைய பாதிப் பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் சிலர் எதைத் தின்றார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைப் பையன் பாட்டிக்கு விளக்க ஆரம்பித்தான். "போதும்டா கண்ணா" என்றார் அம்மா.

ஆபர்ன் வந்தபோது இரவு பதினொன்று. பலகையில் இல்லாவிட்டாலும் கிரில்டு சீஸ் கேட்டால் தருவார்கள், நடுவில் கறி இருக்காது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். ஃப்ரைஸை மட்டும் ஒன்று விடாமல் தின்றார். "புளிசாதம் கெட்டிருக்காதுடா" என்றார், அவ்வளவுதான்.

நாலு சக்கரமும் ஓடுகிற வண்டி வாங்க வேண்டியதுதானே என்று யாராவது எழுதுவீர்கள். சாலை மூடினால் அதுவும் நிற்கும். எங்களோடு வந்த நண்பர் அந்த மாதிரி வண்டிதான், ஆனால் காலையிலேயே கிளம்பியதால் தப்பித்தார். அவர் வீட்டிலிருந்து வாட்ஸப்பில் அனுப்பியது என்ன தெரியுமா? டாஹோவில் இரண்டு குடும்பமும் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டின் கணக்கு. நாங்கள் ஒருநாள் தாமதமாகப் போனோம், இருந்தும் சரிபாதி. அவர் பிள்ளைகள் மூன்று, எங்களுக்கு ஒன்று. பனியில் நின்றுகொண்டே படித்தேன். இன்னும் பதில் போடவில்லை.