ஒக்கினாவாவின் வாழைநார்த் துணி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் ஒக்கினாவாத் தீவின் வடக்கே கிஜோக்கா கிராமத்தில் வாழைநாரில் நெய்யும் ‘பாஷோஃபு’ துணியைப் பார்த்தேன். விலையைக் கேட்டு மலைத்துவிட்டேன். நம் ஊரில் பூக்கட்டும் நார்தானே? இயந்திரத்தில் நார் உரித்தால் விலையும் இறங்கும், தொழிலும் பிழைக்குமே?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

பூக்கட்டும் நார் அல்ல. ‘இத்தோபாஷோ’ நூலுக்கென்றே வளர்க்கும் வாழை. வெட்டுக்கு வர 3 ஆண்டு ஆகும். அதற்குள் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இலையையும் குருத்தையும் கழிப்பார்கள். விட்டுவிட்டால் அடி பருத்து நுனி சிறுத்து, நாரும் முரடாகும். ஒரு கிமோனோவுக்கு (ஜப்பானிய அங்கி) இப்படி ஏறத்தாழ 200 மரம் வேண்டும்.

வெட்டு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. மட்டையை உரிக்கும்போதே நான்கு தரமாகப் பிரித்துவிடுவார்கள். வெளிமட்டை மேசைவிரிப்புக்கு, அடுத்தது இடைக்கச்சைக்கு, மூன்றாவதுதான் கிமோனோவுக்கு. உள்மட்டை நார் மென்மையானது, ஆனால் நிறம் மாறும். அதனால் அது சாயநூலுக்குப் போகும். பிறகு சாம்பல் காரநீரில் வேகவைக்கிறார்கள். காரம் கூடினால் நார் அறும், குறைந்தால் சதை நீங்காது. வெந்ததை மூங்கில் இடுக்கியால் வழித்தெடுத்து, மிருதுவானதை ஊடைக்கும் (குறுக்கு நூல்) விறைப்பானதைப் பாவுக்கும் (நெடுக்கு நூல்) ஒதுக்குவார்கள்.

நீங்கள் சொல்லும் இயந்திரம் இதுவரைக்கும்தான் உதவும். பெரிய வேலை இனிமேல்தான். பஞ்சைப்போல இதை நூற்பதில்லை. நாரை நகத்தால் ஒரே பருமனாகக் கீறி, ஒன்றன் நுனியில் இன்னொன்றை முடிச்சிட்டு, வாலை ஒட்ட நறுக்க வேண்டும். வால் நீண்டால் தறி அச்சில் மாட்டும். பருமன் தவறினால் துணியில் கோடு விழும். அளவுகோல் விரல்தான். வீட்டுத் திண்ணையில் மூதாட்டிகள் செய்துவந்த வேலை இது. தறி பழக இளைஞர்கள் வருகிறார்கள். நாரை முடிச்சிடத்தான் கை போதவில்லை. விலை ஏறுவதும் தொழில் தேய்வதும் இந்த ஓர் இடத்தில்தான்.

தொழில் ஒருமுறை முறிந்தும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலேரியாக் கொசுவுக்கு இடமாகிறது என்று அமெரிக்கப் படையினர் வாழைகளை வெட்டித் தள்ளினர். மீட்டெடுத்தவர் தாய்ரா தோஷிகோ (1921–2022). 1974இல் கிஜோக்கா பாஷோஃபு ஜப்பானின் முக்கிய அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது.

சென்னையை ஒட்டிய நம் அனகாபுத்தூரில் வாழைநாரைப் பருத்தி, பட்டு நூலோடு கலந்து நெய்கிறார்கள். நல்ல துணிதான், ஆனால் வேறு துணி. பாவும் ஊடையும் வாழையாகவே இருந்தால் காற்று காய்ந்தாலே நூல் அறும், நீர் தெளித்துக்கொண்டே நெய்ய வேண்டும். நெய்து இறக்கியதையும் காரநீரில் வேகவைத்து, புளிக்கவைத்த அரிசிக்கஞ்சி நீரில் ஊறவைப்பார்கள். புளிப்பு காரத்தை முறிக்கும். (நம் நீராகாரத்துக்கு அங்கே இப்படி ஒரு உறவு!)

மறுபடி போவதானால் மே, ஜூன் மழைக்காலத்தில் போங்கள். ஈரக்காற்றில் தறி நன்றாக ஓடும். தறியைப் பார்த்ததும் கிளம்பிவிடாமல், நார் முடிபவர் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்காருங்கள்.